பை தினத்துக்கு டப்பாவை அளந்தால் 3.3 வருகிறது

வட்ட டப்பாவின் சுற்றளவை விட்டத்தால் வகுத்தால் பை (π), அதாவது 3.14 வர வேண்டும்; உங்களுக்கு ஏன் 3.3 வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். சுற்றளவில் தப்பில்லை, விட்டம்தான் குறைந்திருக்கிறது. நீங்கள் எழுதிய சுற்றளவு 25.1 செ.மீ.யை விட்டம் 7.6-ஆல் வகுத்தால் 3.3தான் வரும். நூலை டப்பாவின் வெளியே சுற்றிவிட்டு, ஸ்கேலை வாய்க்குள் வைத்து அளந்திருப்பீர்கள். பக்கத்துக்கு 2 மி.மீ. சுவர் அங்கேயே போய்விட்டது.

சரிபார்க்க: டப்பாவை இரண்டு தடித்த புத்தகங்களுக்கு நடுவே இறுக்கமாக நிற்க வைத்து, புத்தகங்கள் விலகாமல் டப்பாவை மட்டும் எடுத்துவிட்டு இடைவெளியை அளந்து பாருங்கள். 8 செ.மீ. வந்தால் விஷயம் முடிந்தது: 3.14.

வராவிட்டால் நூலைச் சந்தேகப்படுங்கள். 2 மி.மீ. தடிமனுள்ள சணல் கயிறு என்றால் அதுவே 3.22 வரை இழுத்துவிடும். அதைவிடக் காகிதப் பட்டை நல்லது. சுற்றி, முனைகள் ஒன்றன்மேல் ஒன்று வரும் இடத்தில் குண்டூசியால் குத்திப் பிரித்தால், இரண்டு துளைகளுக்கு நடுவே உள்ள தூரம்தான் சுற்றளவு. மூடியைக் கழற்றிவிடுங்கள், அது கொஞ்சம் அகலம். டம்ளர் மாதிரி சரிந்த பாத்திரமும் வேண்டாம்.

ஸ்கேலை வைத்து இரண்டாம் தசமத்துக்கு மேல் எதிர்பார்க்காதீர்கள்.

பை தினம் மார்ச் 14-ஆ, ஜூலை 22-ஆ என்றும் கேட்டிருந்தீர்கள். 1988-ல் சான் பிரான்சிஸ்கோவின் எக்ஸ்புளோரடோரியம் என்ற அறிவியல் அருங்காட்சியகத்தில், அங்கே வேலை பார்த்த இயற்பியலாளர் லாரி ஷா தொடங்கியது மார்ச் 14. மாதத்தை முதலில் எழுதும் அமெரிக்க வழக்கப்படி 3/14. சிலர் 1:59 மணிக்கு ஆரம்பிப்பதும் 3.14159-க்காகத்தான். தேதியை முதலில் எழுதுகிறவர்களுக்கு ஜூலை 22, அதாவது 22/7. சொல்லப்போனால், 3.14-ஐ விட 22/7தான் பைக்கு நெருக்கம்!