மெஷினுக்கு ஒரு புரோகிராம் எதற்கு?

கேள்வி: கப்பலூர் தொழிற்பேட்டையில் பாக்கெட் போடும் மெஷின் செய்கிறோம். பருப்பு மில்லுக்கு ஒரு மாதிரி, மசாலா கம்பெனிக்கு ஒரு மாதிரி. எடை முறை, தேதி அச்சு, கன்வேயர், பாக்கெட்டில் நைட்ரஜன் நிரப்புவது இவைதான் மாறும். ஆர்டருக்கு ஆர்டர் பழைய பி.எல்.சி. (மெஷினை இயக்கும் கன்ட்ரோலர்) புரோகிராமைக் காப்பி எடுத்துத் திருத்தியதில் 20 புரோகிராம் சேர்ந்துவிட்டது. ஒன்றில் சரிசெய்த பிழை மற்றவற்றில் அப்படியே இருக்கிறது. என்ன வழி?
– வாசகர், திருமங்கலம்

பதில்: புரோகிராம் ஒன்றே இருக்கட்டும், மாறுவதை மட்டும் எண்ணாக வெளியே எடுங்கள். எடை முறைக்குக் கப் (அளவுக் கிண்ணம்) 1, ஆகர் (தள்ளும் திருகு) 2, லோடுசெல் (எடை சென்சார்) 3. மற்ற மூன்றுக்கும் இல்லை 1, உண்டு 2. பூஜ்யத்தை எதற்கும் கொடுக்காதீர்கள். பி.எல்.சி. பேட்டரி தீர்ந்து மெமரி அழிந்தால் எல்லாம் 0 ஆகிவிடும். அந்த நிலையில் மெஷின் ஏதோ ஒரு மாதிரியாக ஓடக் கூடாது, அலாரம் கொடுத்து நிற்க வேண்டும்.

ஒவ்வொரு பகுதிக்கும் ஒரு ஃபங்ஷன் பிளாக் (தனித் துண்டு புரோகிராம்) எழுதுங்கள், பி.எல்.சி. மொழிகளுக்கான ஐ.இ.சி. 61131-3 தரத்தில் உள்ள வசதிதான். சென்சார் இன்புட்டை லாஜிக்கில் நேராகத் தொடாமல், ஒரே இடத்தில் உள்பெயருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு மெஷினில் என்.ஓ. (சாதாரணமாகத் திறந்திருப்பது), இன்னொன்றில் என்.சி. (சாதாரணமாக மூடியிருப்பது) சென்சார் வந்தாலும் அந்த ஒரு வரியோடு வேலை முடியும்.

பலரும் மாட்டிக்கொள்ளும் இடம் இது: தேதி அச்சு இல்லாத மெஷினில் ‘அச்சு முடிந்தது’ சிக்னல் வரவே வராது, பாக்கெட்டை ஒட்டும் சீலிங் பகுதி அதற்காகக் காத்துக்கொண்டே நிற்கும். ‘இல்லை’ என்று வைத்தால் அந்த பிளாக்கே ‘முடிந்தது’ என்று சொல்லிவிட வேண்டும். எமர்ஜென்சி ஸ்டாப்பையும் கதவு ஸ்விட்சையும் மட்டும் இந்த எண்களோடு சேர்க்கவே கூடாது. அவை சேஃப்டி ரிலே (பாதுகாப்புக்கான தனி ரிலே) வழியாகத் தனியே போகட்டும்.

சோதனைக்கு 3×2×2×2 = 24 சேர்க்கை வரும். எந்த இரண்டு வசதியை எடுத்தாலும் அவற்றின் எல்லா ஜோடியும் ஒருமுறையாவது வர 6 ஓட்டம் போதும். கப்பில் மூன்றும் இல்லாமல், பிறகு மூன்றும் சேர்த்து. ஆகரில் அச்சு மட்டும் இல்லாமல், பிறகு அச்சு மட்டும் வைத்து. லோடுசெல்லில் கன்வேயர் மட்டும் இல்லாமல், பிறகு கன்வேயர் மட்டும் வைத்து. மூன்று வசதிகளும் ஒன்றையொன்று பாதிக்கும் பிழை இதில் தப்பிவிடலாம் என்பதால், அதிகம் விற்கும் சேர்க்கைகளைத் தனியாகவும் ஓட்டிப் பாருங்கள்.

விற்ற 20 மெஷினையும் உடனே மாற்றக் கிளம்பாதீர்கள். புது ஆர்டரில் தொடங்குங்கள். பழையதற்கு சர்வீஸ் போகும்போது, பி.எல்.சி.யில் ஓடுவதை லேப்டாப் காப்பியோடு ஒப்பிட்டு, சைட்டில் யாராவது மாற்றிய டைமர் அளவுகளைக் குறித்துக்கொண்ட பிறகே புதியதை ஏற்றுங்கள்.