பகல் முழுக்க நாயோட இருக்கப்போறது அம்மாதானே?

கேள்வி: ஈசூன்ல நாலறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், HDB) வீடு எங்களுக்கு. நானும் வீட்டுக்காரரும் வேலைக்குப் போறோம், மக பிரைமரி 4, எங்க அம்மாவும் கூடவே இருக்காங்க. ஒரு ஃபாஸ்டர் வீட்டுல (தத்துக் கொடுக்கிற வரைக்கும் நாய வெச்சுப் பார்த்துக்கிறவங்க வீடு) பத்து மாச நாய் ஒண்ணு பார்த்தோம், துவாஸ் பக்கம் ஃபேக்டரி ஓரத்துல மீட்டதாம், பிரவுன் கலர், வந்ததும் வராததுமா மக மடியில தலைய வெச்சுப் படுத்துக்கிச்சு. அவ அப்போலேர்ந்து அதே பேச்சு. அம்மாவுக்குத்தான் மனசில்ல, சாமி ரூம் இருக்கு, முடி கொட்டும்னு சொல்றாங்க. வீவக வீட்டுல இந்த மாதிரி கலப்பு நாய விடுவாங்களா? அடாப்ட் பண்ணலாமா?
– வாசகி, ஈசூன்

பதில்: விடுவாங்க, ஆனா ஒரு வழி இருக்கு. வீவக வீட்டுல சாதாரணமா அனுமதி சின்ன ரக நாய்களுக்குத்தான், வீட்டுக்கு ஒண்ணு. நம்ம ஊரு கலப்பு நாய், ‘சிங்கப்பூர் ஸ்பெஷல்’னு சொல்றது, கொஞ்சம் பெருசா வளரும், அதையும் வீவக வீட்டுல வளர்க்க விடுறதுக்காகத்தான் 2012ல ‘அடோர்’ (Project ADORE) திட்டம் வந்துச்சு. 2020ல அத இன்னும் தளர்த்தி, தோள் உயரம் 55 செ.மீ. வரைக்கும் சரின்னு சொல்லி, எடைக் கட்டுப்பாட்டையே எடுத்துட்டாங்க. இந்தத் திட்டத்துல சேர்ந்திருக்கிற விலங்குநல அமைப்பு மூலமாத்தான் எடுக்கணும், கருத்தடை, தடுப்பூசி, மைக்ரோசிப் எல்லாம் முடிஞ்சிருக்கணும், பயிற்சி வகுப்பும் உண்டு. அதனால ஃபாஸ்டர்கிட்ட முதல்ல கேளுங்க, இந்த நாய் அடோர்ல வருமான்னு. பத்து மாசம்னா இன்னும் கொஞ்சம் வளரலாம், உயரத்த அளந்து பார்த்தாங்களான்னும் கேளுங்க. லைசென்ஸ் கருத்தடை பண்ண நாய்க்கு வருஷம் 15 வெள்ளி, முதல் தடவை எடுக்கிறவங்க அதுக்கு முன்னாடி ஆன்லைன்ல ஒரு இலவச கோர்ஸ் முடிக்கணும்.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வரேன். உங்க கடிதத்துல மக ஆசை ரெண்டு வரி, அம்மா தயக்கம் ஒரு வரி. ஆனா காலையில எல்லாரும் கெளம்பிப் போனப்புறம் சாயங்காலம் வரைக்கும் அந்த நாயோட இருக்கப்போறது யாரு? அம்மாதான். அவங்க சம்மதம் இல்லாம எடுத்தா அவங்களுக்கும் கஷ்டம், நாய்க்கும் கஷ்டம். அவங்கள சமாதானப்படுத்தப் பாக்காதீங்க, அடுத்த தடவை ஃபாஸ்டர் வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க, மக வேண்டாம், அம்மா மட்டும் வரட்டும், சும்மா உக்காந்து பாக்கட்டும். சாமி ரூம் வாசல்ல குழந்தைங்களுக்குப் போடுற மாதிரி ஒரு தடுப்பு போட்டுடலாம், நாய் அத சீக்கிரம் பழகிக்கும். முடி கொட்டத்தான் செய்யும், அதுக்குப் பொய் சொல்லாதீங்க, தினமும் பெருக்கப்போறது யாருன்னு இப்பவே பேசி முடிச்சுக்கோங்க. அம்மா தலையில விழக்கூடாது.

அடுத்தது, அங்க மக மடியில பாசமா தலைய வெச்சுப் படுத்துக்கிச்சுன்னு சொன்னீங்க, அந்த வீட்டுல வேற நாய்ங்க இருக்கா? பெரும்பாலும் இருக்கும். ஆளும் எந்நேரமும் இருப்பாங்க. அப்படி இருந்த நாய, அம்மா கோயிலுக்கோ பாலிகிளினிக்குக்கோ போற நேரத்துல ஒரு பூட்டின வீட்டுல தனியா விட்டா ஊளையிட ஆரம்பிச்சுடும், பக்கத்து வீட்டுலேர்ந்து புகார் வரும், கடைசில நாய திருப்பிக் கொடுக்கிறதுல போய் முடியும், எனக்கு மனசு ரொம்ப வலிக்கிறது இந்த இடத்துலதான். அதனால ஃபாஸ்டர்கிட்ட கேளுங்க: இது எப்பவாச்சும் தனியா இருந்திருக்கா, எவ்வளவு நேரம், அப்ப என்ன பண்ணுச்சு? இடிச் சத்தத்துக்குப் பயப்படுமா? லிஃப்ட்ல ஏறுமா? தரைவீட்டுல வளர்ந்ததா இருந்தா லிஃப்டே பார்த்திருக்காது. உண்ணிக் காய்ச்சலுக்கு ரத்தம் பார்த்தாங்களான்னும் கேளுங்க, காட்டோரம் இருந்த நாய்ங்களுக்கு அது வர்றது சகஜம். நல்ல ஃபாஸ்டர் எதையும் மறைக்க மாட்டாங்க. அவங்களுக்கு அந்த நாய உங்கள விட நல்லா தெரியும், ஒவ்வொரு பதிலையும் எழுதி வெச்சுக்கோங்க.

வீட்டுக்கு வந்த புதுசுல ஓடிப்போற ஆபத்துதான் பெருசு. கதவு திறந்த ஒரு நொடியில காரிடார்ல பாஞ்சு படியிறங்கிடும், அப்புறம் ரோட்டுல தேடணும். வாசல் கேட்டை எப்பவும் பூட்டியே வைங்க, வெளிய போனா கழுத்துப்பட்டை ஒண்ணு, உடம்புல மாட்டுற ஹார்னஸ் ஒண்ணு, ரெண்டுலயும் கயிறு. முதல் சில வாரம் சொந்தக்காரங்க யாரையும் பாக்க கூப்பிடாதீங்க, முதல் ஒரு நாள் சரியா சாப்பிடாம ஒரு மூலையில படுத்திருந்தாலும் பயப்படாதீங்க, பக்கத்துல உக்காருங்க, தொடாதீங்க. மககிட்டயும் இத முன்னாடியே சொல்லி வைங்க, மடியில தலை வெச்ச அதே நாய் புது வீட்டுல கட்டிலுக்கு அடியில போய் ஒளிஞ்சுக்கலாம்.

அம்மாகிட்ட ஒண்ணு கண்டிப்பா சொல்லணும், பாசத்துல சாம்பார் சாதம் பிசைஞ்சு வெச்சுடுவாங்க. வெங்காயம், பூண்டு நாய்க்கு விஷம், பாயசத்துல போடுற திராட்சையும் அப்படித்தான். வெறும் சோறு, உப்பு மசாலா இல்லாம வேகவெச்ச கோழி (எலும்ப எடுத்துட்டு) கொடுக்கலாம்.

ஒரே புளோக்ல மலாய்க்காரங்க இருப்பாங்க, நாய் எச்சில் பட்டா அவங்க சுத்தம் பண்ணிக்கணும், அது அவங்க மார்க்கம். லிஃப்ட்ல அவங்க நின்னா கயிற குட்டையா புடிச்சுட்டு அடுத்த லிஃப்டுக்கு நில்லுங்க, நாய் வர்றதுக்கு முன்னாடியே போய் ஒரு வார்த்தை சொல்லிட்டு வந்தா இன்னும் நல்லது.

கேள்வி: டிசம்பர்ல மூணு வாரம் ஊருக்குப் போறோம். ஃபாஸ்டர்ல இருக்கிற நாய் ஒண்ணு புடிச்சிருக்கு, இப்பவே எடுத்துடலாமா?
– வாசகர், செங்காங்

பதில்: வேணாம். இப்ப எடுத்து, அது உங்கள நம்ப ஆரம்பிக்கிற நேரத்துல ஒரு போர்டிங்ல (காசு வாங்கிட்டு நாய வெச்சுப் பார்த்துக்கிற இடம்) விட்டுட்டுப் போனா அதுக்கு மறுபடியும் எல்லாம் போச்சு. ஃபாஸ்டர்கிட்ட உள்ளத சொல்லுங்க, ஜனவரி வரைக்கும் வெச்சிருக்க முடியுமான்னு கேளுங்க, அதுவரைக்கும் வார இறுதியில போய் வாக்கிங் கூட்டிட்டுப் போங்க. அதுக்குள்ள வேற நல்ல குடும்பம் வந்து எடுத்துட்டாங்கன்னா விட்டுடுங்க, அதே அமைப்புல உங்களுக்கும் ஒண்ணு இருக்கும்.