1969 ஹோண்டா சிபி 750, 1973 கவாசாகி இசட் 1: சேகரிப்புக்கு எது வாங்கலாம்?

இந்த இரண்டு பழைய பைக்கில் ஒன்றுக்குத்தான் இடமும் காசும் என்கிறீர்கள். அப்போ ஓட்டவும் ஆசை இருக்கும் என்றே எடுத்துக்கொள்கிறேன்: இசட் 1 வாங்குங்கள். ஹோண்டா அபிமானிகள் சண்டைக்கு வர வேண்டாம். முன்சக்கர டிஸ்க்கோடு நாலு சிலிண்டரை எல்லாரும் வாங்குகிற வண்டியாக்கியது சிபி 750தான், மறுக்கவில்லை. 736 சிசிக்கு 67 குதிரைத்திறன், 903 சிசிக்கு 82 என்று கணக்குப் பார்த்தும் சொல்லவில்லை. எதில் ஏமாற வாய்ப்பு அதிகம் என்று பார்த்துச் சொல்கிறேன்.

சிபி 750யில் பெரிய விலை 'சேண்ட்காஸ்ட்' (மணல் அச்சில் வார்த்தது) என்று சொல்லும் ஆரம்ப வண்டிக்குத்தான். பெயரே தப்பு. மணல் அச்சு இல்லை, உலோக அச்சில் அழுத்தமில்லாமல் ஊற்றியது. அதனால்தான் கிராங்க்கேஸ், அதாவது எஞ்சினின் அடிப்பகுதிக் கூடு, சொரசொரப்பாக இருக்கும். எண் 1007414 வரை உள்ளவைதான் இந்த ரகம். எண் பதித்த இடத்தில் அரம் போட்ட தடம் இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். "எஞ்சின் நம்பரும் ஃபிரேம் நம்பரும் அப்படியே ஒண்ணு" என்று விற்பவர் பெருமையடித்தால் உஷார். இந்த வண்டிகளில் வழக்கமாக இரண்டும் கொஞ்சம் தள்ளித்தான் இருக்கும்.

அடுத்து ஆக்ஸிலேட்டர் கேபிள். ஆரம்ப வண்டிகளில் ஒரு கேபிள் நாலாகப் பிரிந்து நாலு கார்புரேட்டருக்கும் போகும். இழுக்க ஒன்று, திருப்ப ஒன்று என்று இரண்டு கேபிள் இருந்தால் பிந்தைய கார்புரேட்டர் ஏறியிருக்கிறது, விலையைக் குறையுங்கள். செயின் அறுந்தால் முன் ஸ்ப்ராக்கெட்டில் (செயினை இழுக்கும் பல்சக்கரம்) சுருண்டு கிராங்க்கேஸையே உடைத்துவிடும். ஸ்ப்ராக்கெட் மூடியைக் கழற்றி, பின்னால் வெல்டிங் தழும்பு தேடுங்கள்.

ஆயிலை எஞ்சின் சூடான பிறகுதான் பார்க்க வேண்டும். சிபி 750யில் ஆயில் டேங்க் தனி என்பதால் நாள்கணக்கில் நின்ற வண்டியில் ஆயில் கீழே வடிந்திருக்கும். குச்சியில் குறைவாகக் காட்டுகிறதே என்று ஊற்றினால், மிஞ்சியது பிரீதர் (எஞ்சின் மூச்சுக்குழாய்) வழியாகக் கக்கும்.

இசட் 1-ல் இந்தத் தொல்லை இல்லை, ஆயில் எஞ்சினின் அடியிலேயே நிற்கும். 1973 மாடலில் எஞ்சின் கறுப்பு. 1974-ல் வெள்ளி நிறம். எஞ்சினைக் குளிர்விக்கும் கறுப்பு ஃபின் தகடுகளின் இடுக்கில் புது ஸ்பிரே தெரிந்தால் கேள்வி கேளுங்கள். வால்வைத் திறக்கும் கேம் தண்டைப் பிடித்திருக்கும் கேம் கேப் போல்ட்டுகள் 6 மி.மீ., 12 நியூட்டன் மீட்டர் போதும். ஆவேசமாக முறுக்கி அலுமினிய மரையை உரித்துவைத்த வண்டிகள் ஏராளம். ஹெலிகாயில் (புது மரையாகும் கம்பிச் சுருள்) போட்டுச் சரிசெய்யலாம், அதற்காக வண்டியை ஒதுக்காதீர்கள். வால்வ் இடைவெளி 0.05 முதல் 0.10 மி.மீ.; இடைவெளியைச் சரிசெய்யும் வில்லையான ஷிம், வால்வின் மேலுள்ள கிண்ணமான பக்கெட்டின் மேலேயே உட்கார்ந்திருப்பதால், பக்கெட்டை அமுக்கிப் பிடிக்கும் டூல் இருந்தால் கேமைக் கழற்றாமலே மாற்றலாம். உண்மையான செலவு சைலன்ஸரில்தான். நாலும் உள்ளிருந்து அரிக்கும். அடிப்பக்கத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள்.

ஒரு வயிற்றெரிச்சல். தொழிற்சாலையில் இல்லாத பளபளப்பை ஏற்றி, ஒரிஜினல் துத்தநாகப் பூச்சுப் போல்ட்டுகளைத் தூக்கிப்போட்டு ஸ்டெயின்லெஸ் மாட்டி 'ரெஸ்டோரேஷன்' என்கிறார்கள். அந்தப் பழைய போல்ட்டுகள் ஒரு டப்பாவில் கிடக்கிறதா என்று விற்பவரிடம் கேளுங்கள். இருந்தால் வண்டியோடு சேர்த்து வாங்கிவிடுங்கள்.