பள்ளிகள் இணைந்தால் வீட்டு வரி குறையுமா?

கேள்வி: நியூஜெர்சியில் மகன் வீடு வாங்கியிருக்கிறான். அவன் ஊர் ஸ்கூல் டிஸ்ட்ரிக்டை (ஊர்ப் பள்ளிகளை நடத்தும் நிர்வாக அமைப்பு) பக்கத்து ஊரோடு சேர்க்கப் பேச்சு நடக்கிறதாம். வரி குறையும் என்கிறான். நம்பலாமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: இப்போதே கணக்குப் போட வேண்டாம், அம்மா. அங்கே சொத்து வரியில் ஏறக்குறைய பாதி பள்ளிக்கே போகிறது. இணைப்பில் மிச்சமாவது கண்காணிப்பாளர், கணக்கு அலுவலகம் போன்ற மேல்செலவு. பெருஞ்செலவான ஆசிரியர் சம்பளமோ, இரண்டு ஊர் சம்பள அட்டவணையும் ஒன்றாகும்போது பெரும்பாலும் கூடுதலாக உள்ள பக்கம்தான் சாயும். மிச்சம் அதிலேயே கரையலாம்.

உண்மையான ஏற்ற இறக்கம் பங்கீட்டில் இருக்கிறது. ஊர்கள் செலவைச் சொத்து மதிப்புப்படி பிரிக்கலாம், மாணவர் எண்ணிக்கைப்படி பிரிக்கலாம், இரண்டையும் கலந்தும் பிரிக்கலாம். மாநில உதவியை ஒதுக்கிவிட்டு ஓர் உதாரணம்: 'அ' ஊரின் மொத்தச் சொத்து 100 கோடி டாலர், 'ஆ' ஊருக்கு 200 கோடி. இரண்டிலும் மாணவர்கள் சமம், பள்ளிச் செலவு தலா 2 கோடி. 5 லட்சம் டாலர் வீட்டுக்கு இன்று 'அ'வில் 10,000 டாலர், 'ஆ'வில் 5,000. சொத்து மதிப்புப்படி இணைத்தால் இரண்டிலும் சுமார் 6,667. மாணவர் கணக்கில் பிரித்தால் பழைய தொகையேதான். வசதியான ஊர்க்காரர்கள் முரண்டு பிடிப்பதில் வியப்பென்ன!

மகன் இணைப்பு பற்றிய ஆய்வறிக்கையைக் கேட்டு வாங்கட்டும். பங்கீட்டு முறை, பழைய கட்டடக் கடன் யார் தலையில், சம்பள ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் முதலில் பார்க்கட்டும். பிறகு வாக்கெடுப்பு உண்டு. அதே மாநிலத்தின் லாம்பர்ட்வில், ஸ்டாக்டன், வெஸ்ட் ஆம்வெல் ஊர்கள் 2013-இல் வாக்களித்துத்தான் ஒரே டிஸ்ட்ரிக்ட் ஆயின.

கேள்வி: இங்கே இரண்டு அரசுப் பள்ளிகளை இணைத்தால் எங்கள் வீட்டு வரி மாறுமா?
– வாசகர், செம்மண்டலம்

பதில்: மாறாது. அரசுப் பள்ளி ஆசிரியர் சம்பளம் மாநில அரசின் கணக்கு. உங்கள் வரியை நிர்ணயிப்பவை கட்டடப் பரப்பு, பயன்பாடு, தெரு போன்றவைதான். 2022-இல் ஏறியதும் அப்படித்தான்: குடியிருப்பில் 600 சதுர அடிக்குள் 25 சதவீதம், 1,800-க்கு மேல் 100 சதவீதம். முதல் அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, உச்சவரம்பு 5,000 ரூபாய். அதை விடாதீர்கள்.