ஆபரேட்டர் பதில்கள்: வார்னர் வாரம்

போன இதழில் "ஹாலிவுட் கம்பெனிகளில் எனக்கு வார்னர் பிரதர்ஸ்தான்" என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். இந்த வாரத் தபாலில் பாதி அதைப் பிடித்துக்கொண்டது. அதனால் எம்.ஜி.ஆர். பட ரிலீஸ் கேள்விகள் அடுத்த இதழுக்கு.

கே: உலகின் முதல் பேசும் படம் வார்னர் எடுத்ததுதானே? (திண்டுக்கல் வாசகர்)

'தி ஜாஸ் சிங்கர்'. 1927 அக்டோபர் 6, நியூயார்க். ஆனால் அதில் பேச்சு இரண்டு நிமிஷம் தேறினால் அதிகம். அல் ஜோல்சன் பாடுவார், இடையில் கொஞ்சம் பேசுவார், மற்றபடி எழுத்து அட்டைதான். முழுக்க முழுக்கப் பேசிய முதல் நீளப் படம், அடுத்த வருஷம் இவர்களே எடுத்த 'லைட்ஸ் ஆஃப் நியூயார்க்'.

எனக்கு அந்தப் படத்தைவிட அதைத் தியேட்டரில் ஓட்டிய ஆபரேட்டர்கள் மேல்தான் பரிதாபம். சத்தம் பிலிமில் கிடையாது; 16 அங்குல இசைத்தட்டில் தனியாக இருக்கும். அந்தக் காலத்து ரீலுக்கு ஒரு தட்டு, சுமார் 11 நிமிஷம். முள் உள்பக்கம் தொடங்கி வெளியே வரும். தட்டின் ஆரம்பக் குறியில் முள்ளை வைத்து, பிலிமின் ஆரம்பக் குறியை புரொஜெக்டரில் ஒளி விழும் 'கேட்' சட்டத்தில் நிறுத்தி, இரண்டையும் ஒன்றாகக் கிளப்ப வேண்டும்.

பிலிம் அறுந்தால்தான் கதையே. நாங்களெல்லாம் அறுந்த முனையில் இரண்டு ஃபிரேமை வெட்டி எறிந்து, பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்ட் என்ற பசையைத் தடவி, கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து ஒட்டிவிடுவோம். சத்தம் பிலிம் ஓரத்திலேயே கோடாக ஓடுவதால் 'டொக்' என்று ஒரு சின்ன வெட்டு, அதோடு சரி. அவர்களுக்கு அது நடக்காது. இரண்டு ஃபிரேம் போனால், அந்த இடத்தில் இரண்டு கறுப்பு ஃபிரேமை எண்ணி ஒட்டியாக வேண்டும். இல்லையென்றால் அங்கிருந்து ரீல் முடியும்வரை வாய் ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம். தட்டின் லேபிளில் 20 கட்டம் அச்சடித்திருக்கும். ஓட்ட ஓட்ட ஒவ்வொன்றாகக் குறிக்க வேண்டும். 20 முடிந்ததா, தட்டு தேய்ந்தது என்று அர்த்தம்.

வார்னர் சகோதரர்கள் நாலு பேர்: ஹாரி, ஆல்பர்ட், சாம், ஜாக். சத்தம் வேண்டும் என்று ஒற்றைக் காலில் நின்றவர் சாம். படம் வெளியாவதற்கு முந்தின நாள் லாஸ் ஏஞ்சலிஸில் இறந்துபோனார். வயது 40. முதல் காட்சியில் சகோதரர்கள் யாருமே இல்லை.

நம் ஊருக்குச் சத்தம் வந்தது நாலு வருஷம் கழித்து, 1931 'காளிதாஸ்' படத்தில்.

கே: 'காசாபிளாங்கா' படத்தை ஏன் இப்படிக் கொண்டாடுகிறார்கள்? கறுப்பு வெள்ளைக் காதல் கதைதானே? (கும்பகோணம் வாசகி)

காதல் கதைதான் அம்மா. ஆனால் 1942-ல், போர் நடந்துகொண்டிருக்கும்போதே எடுத்தது. ஜெர்மன் மேஜராக மிரட்டும் கான்ராட் வைட், நிஜத்தில் நாஜிகளுக்குப் பயந்து ஜெர்மனியை விட்டு ஓடிவந்தவர். கதை நடக்கும் மதுக்கடையில் வந்து உட்காரும் பலரும் அப்படி வந்தவர்கள்தான். ஜெர்மன்காரர்கள் பாடுவதை அமுக்கிக்கொண்டு பிரெஞ்சு தேசிய கீதம் எழும்பும் காட்சியில் சிலர் கண்ணில் தண்ணீர் நிற்கும். அதை கிளிசரின் என்று நான் நினைக்கவில்லை.

கூட்டத்தோடு பார்க்கிறவர்களுக்குப் பிடிபடாத இரண்டு விஷயம் சொல்கிறேன். பியானோ வாசிக்கிற சாம் பாத்திரத்தில் நடித்த டூலி வில்சனுக்குப் பியானோ தெரியாது. அவர் டிரம்ஸ்காரர். குரல் அவருடையது, வாசித்தது வேறொருவர். இன்னொன்று, கடைசியில் மூடுபனிக்குள் நடந்துபோகும்போது ஹம்ப்ரி போகார்ட் 'அழகான நட்பின் ஆரம்பம்' என்று ஒரு வசனம் சொல்வாரே, அது படப்பிடிப்பு முடிந்த பிறகு தயாரிப்பாளர் ஹால் வாலிஸ் எழுதிச் சேர்த்தது. போகார்டைக் கூப்பிட்டுக் குரல் மட்டும் பதிந்தார்கள். முதுகு காட்டிப் போகிறவருக்கு உதடு ஒத்துப்போக வேண்டியதில்லையே! சிறந்த படத்துக்கான ஆஸ்கரை அறிவித்ததும், வாலிஸ் எழுந்திருப்பதற்குள் முதலாளி ஜாக் வார்னர் மேடையேறி வாங்கிக்கொண்டார். இந்த வியாதி எல்லா ஊர் முதலாளிகளுக்கும் உண்டு.

கே: ஹாலிவுட்டில் பின்னணிப் பாடகர்கள் உண்டா? (விருதுநகர் வாசகர்)

உண்டு, ஆனால் அந்தக் காலத்தில் வெளியே சொல்ல மாட்டார்கள். 1964 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்னுக்குப் பெரும்பாலும் பாடியது மார்னி நிக்சன். இங்கே பி.சுசீலா பெயரைப் போட்டு இசைத்தட்டு விற்றோம். அங்கே டைட்டிலில்கூடப் பெயர் இல்லை. அந்தப் படத்துக்கு 8 ஆஸ்கர், ஹெப்பர்னுக்குப் பரிந்துரைகூட இல்லை. மேடை நாடகத்தில் அதே வேஷம் போட்டு, 'ஊருக்குத் தெரிந்த முகம் இல்லை' என்று ஜாக் வார்னர் ஒதுக்கிய ஜூலி ஆண்ட்ரூஸ், அதே வருஷம் வேறு கம்பெனிப் படத்துக்குச் சிறந்த நடிகை ஆனார்.

கதாநாயகன் ரெக்ஸ் ஹாரிசனோ முன்கூட்டியே பதிந்த பாட்டுக்கு வாயசைக்க முடியாது என்றுவிட்டார். அவர் டைக்குள் வயர்லெஸ் மைக்கை ஒளித்து நேரடியாகப் பதிந்தார்கள். இந்தப் படத்தின் ஒலிக்கு ஆஸ்கர் வாங்கிய ஜார்ஜ் குரோவ்ஸ் யார் தெரியுமா? 37 வருஷத்துக்கு முன்னால் 'ஜாஸ் சிங்கர்' ஒலியைப் பதிந்த அதே மனிதர்.

கே: 'எக்ஸார்சிஸ்ட்' பேய்க்குரல் மெஷினில் செய்ததா? (நாகர்கோவில் வாசகர்)

இல்லை. மெர்சிடிஸ் மெக்கேம்பிரிட்ஜ் என்ற நடிகை. பச்சை முட்டையை விழுங்கி, சிகரெட்டாக ஊதித் தொண்டையைக் கெடுத்துக்கொண்டு பேசினார். முதலில் பெயர் போடவில்லை. சண்டை போட்டுத்தான் வாங்கினார்.

கே: ரஹ்மானுக்கு ஆஸ்கர் வாங்கித் தந்ததும் வார்னர்தான் என்கிறான் என் மகன். சரியா? (சிவகாசி வாசகர்)

பாதி சரி, பாதி தப்பு. 'ஸ்லம்டாக் மில்லியனர்' படத்தின் அமெரிக்க உரிமையை முதலில் வாங்கியது வார்னரின் சிறு படப் பிரிவு. 2008-ல் அந்தப் பிரிவையே மூடினார்கள். படம் தியேட்டருக்கு வராமல் நேரே டிவிடிக்குப் போகிற நிலைமை. ஃபாக்ஸ் கம்பெனியின் பிரிவு பங்குக்கு வந்து வெளியிட்டது. 8 ஆஸ்கர், அதில் ரஹ்மானுக்கு 2. சத்தத்தால் பிழைத்த கம்பெனிக்குக் காது மந்தமான வருஷம் அது.

கே: ஆபரேட்டராக 'என்டர் தி டிராகன்' எத்தனை தடவை பார்த்திருப்பீர்கள்? (மதுரை வாசகர்)

ஓட்டியது நூறு தாண்டும். பார்த்தது ஒரு தடவைகூட முழுசாக இல்லை. இரண்டு மெஷின், ரீலுக்கு இருபது நிமிஷம். திரை மூலையில் புள்ளி தெரிந்ததும் அடுத்த மெஷினுக்கு மாற்ற வேண்டும். அதற்குள் விளக்குக்குக் கார்பன் குச்சி, பிலிமைத் தளர்வாக வளைத்து விடும் லூப், எல்லாம் தயாராக இருக்க வேண்டும். புரூஸ் லீ 1973 ஜூலையில் இறந்து, அடுத்த மாதம் அமெரிக்காவில் வந்த படம். வில்லனுக்குக் குரல் கொடுத்தது வேறொருவர் என்பதைக்கூடப் பின்னால்தான் தெரிந்துகொண்டேன். ஆனால் கடைசி ரீலுக்குப் பிறகு மாட்ட ஒன்றும் இல்லை. அதனால் அந்தக் கண்ணாடி அறைச் சண்டை மட்டும் எனக்கு அடி அடியாக மனப்பாடம். எந்தப் படத்தின் கிளைமாக்ஸையும் என்னிடம் கேளுங்கள், சொல்கிறேன். நாலாவது ரீலைப் பற்றிக் கேட்காதீர்கள்.