தவளைத் தொட்டியின் அடியில் எதைப் பரப்பலாம்?

கேள்வி: கண்ணாடித் தொட்டியில் இரண்டு ஆப்பிரிக்கக் குள்ளத் தவளைகள் வளர்க்கிறேன். அடியில் கடைக்காரர் கொடுத்த வண்ணக் கற்கள் கிடக்கின்றன. அவற்றுக்குப் பதிலாக எங்கள் ஊர்க் கடற்கரை மணலையும், கரையொதுங்கும் பவளத் துண்டுகளையும் கழுவிப் போடலாமா?
– வாசகி ஒருவர், மண்டபம்.

பதில்: வண்ணக் கற்களை அவசியம் எடுத்துவிடுங்கள், ஆனால், கடற்கரையிலிருந்து எதையும் கொண்டுவந்து போடாதீர்கள்.

குள்ளத் தவளைக்குப் பார்வை மந்தம். மோப்பத்தால் இரையைத் தேடி, நெருங்கியதும் வாயைத் திறந்து நீரோடு சேர்த்து உறிஞ்சும்போது, அருகில் கிடக்கும் மிளகளவுக் கல்லும் உள்ளே போய்க் குடலை அடைத்துவிடுகிறது. எனவே, வாய்க்குள் நுழையும் அளவுள்ள கல் எதுவும் தொட்டியில் இருக்கக் கூடாது.

கடற்கரை மணலைக் கழுவினால் உப்புப் போகும், சிப்பித் துகள் போகாது. உலர்ந்த மணலில் சில சொட்டு வினிகர் விட்டுப் பாருங்கள். குமிழியிட்டால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது என்று பொருள். அது மெல்லக் கரைந்து நீரின் கடினத்தன்மையையும் காரத்தன்மையையும் ஏற்றிவிடும். தோல் வழியாகவே நீரை உள்வாங்கும் உயிருக்கு அது ஆகாது. பவளமும் சுண்ணாம்புதான். அதோடு, 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் பவளத்தைக் காக்கிறது. செத்த துண்டாயினும் அதை எடுத்துவருவது குற்றமாகும். மன்னார் வளைகுடாவின் கரையில் வாழும் நாமே அதை அள்ளிவந்தால், வேறு யார் அதைக் காப்பார்கள்?

ஒரு மில்லிமீட்டருக்கும் குறைந்த, சுண்ணாம்பு கலவாத நைசான மணலை, கழுவும் நீர் தெளியும்வரை அலசி, ஒரு சென்டிமீட்டர் உயரத்துக்கு மட்டும் பரப்புங்கள். அதற்கு மேல் போனால் அடியில் கழிவு தேங்கி மணல் கறுத்து நாறும். தவளையின் தலையைவிடப் பெரிய, வழவழப்பான கூழாங்கற்கள் சிலவற்றை வைக்கலாம். அவற்றின் இடுக்கில் தவளை சிக்கிக்கொள்ளாதபடி பாருங்கள். நுரையீரலால் மூச்சுவிடும் இந்தத் தவளை, மேலே வர முடியாவிட்டால் நீருக்குள்ளேயே மூச்சடைத்துச் செத்துவிடும். மணலே இல்லாமல் வெறும் கண்ணாடியாக விட்டாலும் ஆபத்தில்லை. எதுவானாலும், இரையை ஒரு சிறு மண்தட்டில் வைத்துக் கொடுப்பது நல்லது.

உவர்ப்பான ஆழ்குழாய் நீரை ஊற்றினால், மணலை மாற்றியும் பயனிருக்காது. காவிரிக் குடிநீரைப் பயன்படுத்துவதானால் குளோரின் நீக்கும் மருந்தைக் கலந்த பிறகு ஊற்றுங்கள். கற்களை ஒரே நாளில் அள்ளாமல், சில வாரங்களில் பகுதி பகுதியாக எடுங்கள். அவற்றில் படிந்திருக்கும் நன்மை செய்யும் பாக்டீரியாக்கள் ஒரேயடியாகப் போனால் நீரில் அம்மோனியா ஏறிவிடும். அதுவரை இரையைத் தட்டில் மட்டுமே கொடுங்கள். இதற்கிடையில் ஏதேனும் ஒரு தவளை வயிறு உப்பி இரை எடுக்க மறுத்தால், காத்திருக்காமல் கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.