வகுப்பில் எல்லோரையும் ஜெயிக்கும் பையன் செஸ் போட்டியில் மட்டும் ஏன் பின்தங்குகிறான்?

கேள்வி: சேலத்தில் எங்கே செஸ் போட்டி நடந்தாலும் குறிப்பிட்ட சில பிள்ளைகளே கோப்பை வாங்குகிறார்கள். என் பையன் வகுப்பில் எல்லோரையும் ஜெயிக்கிறான், போட்டிக்குப் போனால் 7 ரவுண்டில் 4 பாயிண்ட் தாண்டுவதில்லை. அந்தப் பிள்ளைகளிடம் அப்படி என்ன இருக்கிறது?

பதில்:

செஸ் ஆடத் தெரிவது வேறு, டோர்னமெண்ட் ஆடத் தெரிவது வேறு. உங்கள் பையனுக்கு முதலாவது வந்துவிட்டது, அடுத்தது இன்னும் வரவில்லை, அவ்வளவுதான். அம்மாப்பேட்டையிலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு கல்யாண மண்டபம், பள்ளிக்கூட ஹால் என்று ஞாயிற்றுக்கிழமைகளைக் கழித்துக்கொண்டிருக்கும் அப்பாவாகச் சொல்கிறேன். நான் கோச் இல்லை, அதனால் ஓப்பனிங் சந்தேகமெல்லாம் என்னிடம் கேட்காதீர்கள்.

முதலில் அந்த 4 பாயிண்ட். சுவிஸ் முறையில் ஒரே பாயிண்டில் இருப்பவர்களைத்தான் கூடுமானவரை ஜோடி சேர்ப்பார்கள், அதனால் ஜெயிக்க ஜெயிக்க எதிரே உட்காருபவர் பலமான ஆளாகிக்கொண்டே போவார், தோற்றால் அடுத்த ரவுண்டில் கொஞ்சம் லேசான ஆள் கிடைப்பார். 7-க்கு 4 மோசமில்லை. ஆனால் அது எப்படி வந்தது என்று பாருங்கள். முதல் மூன்றையும் ஜெயித்து, நாலாவதில் தோற்று, அந்தக் கடுப்பிலேயே ஐந்தையும் ஆறையும் விட்டுவிட்டு, கடைசியில் ஒன்றைத் தேற்றியிருந்தால், கோளாறு ரவுண்டுகளுக்கு நடுவே கிடைக்கும் அந்தக் கால் மணி, அரை மணி நேரத்தில்தான்.

அந்த நேரத்தில் ஹாலுக்கு வெளியே நின்று பாருங்கள். கதவைத் தாண்டும் முன்பே "வின்னா?" என்று மறிப்பார்கள். இல்லை என்று தலையாட்டினால் போச்சு, பிள்ளையை ஓரமாக நிறுத்தி, மொபைலில் அந்த ஆட்டத்தை நகர்த்திக் காட்டி, "இங்கே குதிரையை ஏன் எடுத்தாய்?" என்று விசாரணை நடக்கும். போன மாதம் அப்படியொரு விசாரணைக்குப் பக்கத்திலேயே, எப்போதும் கோப்பை வாங்கும் ஒரு பெண், அவளும் அந்த ரவுண்டில் தோற்றவள்தான், அவள் அம்மா வாங்கிக் கொடுத்த தட்டுவடை செட்டைச் சட்னி விரலில் வழிய வழியத் தின்றுவிட்டு, கை கழுவிக்கொண்டு, மற்ற பிள்ளைகளோடு படிக்கட்டில் ஓடிப்பிடித்து விளையாடிக்கொண்டிருந்தாள். யாருக்கு யார் என்ற பேரிங் பட்டியல் ஒட்டியதும் போர்டு நம்பரைப் பார்த்துவிட்டுப் போனாள், ஜெயித்தாள்.

பெரிய ஆட்டக்காரர்களிடமும் இதேதான். 2025 டாடா ஸ்டீல் போட்டியின் கடைசி ரவுண்டில் குகேஷ் அர்ஜுன் எரிகைசியிடம் தோற்றார், பிரக்ஞானந்தா வின்சென்ட் கீமரிடம் தோற்றார், இருவரும் சமமாக நின்றதால் அன்றைக்கே டை-பிரேக், அதாவது பட்டம் யாருக்கு என்று முடிவு செய்யும் குறுகிய நேர ஆட்டங்கள். அதன் முதல் ஆட்டத்திலும் பிரக்ஞானந்தா தோற்றார். ஒரே நாளில் இரண்டு அடி. அதற்கு அப்புறம் வரிசையாக இரண்டு ஜெயித்துப் பட்டத்தை வாங்கிக்கொண்டு போனார்!

இன்னொன்று, உட்காருவது. நம் பிள்ளைகள் ஒரு சிப்பாய் கூடுதலாக இருந்தாலும் சலித்துப்போய் கை கொடுத்து டிரா செய்துவிட்டு எழுந்துவிடுவார்கள். 2024 டிசம்பர் 12, சிங்கப்பூரில் உலகப் பட்டத்துக்கான 14-வது ஆட்டம் ஓடும்போது எங்கள் வாட்ஸ்அப் குழுவில் பாதிப்பேர் "டிரா, நாளைக்கு டை-பிரேக்" என்று போட்டுவிட்டு டிபன் சாப்பிடப் போய்விட்டார்கள். குகேஷ் அந்த ஒரு சிப்பாயை வைத்துக்கொண்டு நகர்த்திக்கொண்டே இருந்தார். 55-வது நகர்த்தலில் அப்போதைய சாம்பியன், சீனாவின் டிங் லிரென் யானையைத் தப்பான கட்டத்தில் வைத்தார், அவ்வளவுதான், காய்களை வெட்டிக்கொண்டு ராஜாவும் சிப்பாய்களும் மட்டும் மிஞ்சும் ஆட்டத்துக்கு வந்து 58-வது நகர்த்தலில் கதை முடிந்தது. 18 வயதில் உலக சாம்பியன்.

ரேட்டிங், அதாவது ஆட்ட பலத்தைக் காட்டும் புள்ளி, அது குறைந்துவிடுமோ என்ற பயத்தையும் சொல்ல வேண்டும், இது பெற்றோர் நோய். 18 வயதுக்குள், 2300-க்குக் கீழே இருப்பவர்களுக்கு உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் கணக்கில் ஏற்ற இறக்கம் அதிகம். 1600 உள்ள பையன் 1400 உள்ளவனிடம் தோற்றால் ஏறத்தாழ 30 புள்ளி போய்விடும். அதற்குப் பயந்து ரேட்டிங் போட்டிக்கே அனுப்பாமல், வயதுப் பிரிவில் கோப்பை மட்டும் சேர்க்கிறார்கள். என்னைக் கேட்டால் வயது வரம்பில்லாத ஓப்பன் பிரிவில் போடுங்கள், பெரியவர்களிடம் நாலு உதை வாங்கட்டும். 30 போனால் அதே வேகத்தில் திரும்பவும் வரும்.

அடுத்த போட்டியில் உங்கள் பையன் வெளியே வந்ததும் ரிசல்ட் கேட்காதீர்கள், கிளாக்கில் எவ்வளவு மிச்சம் இருந்தது என்று மட்டும் கேளுங்கள். 15 நிமிட ஆட்டத்தில் 11 நிமிடத்தை அப்படியே விட்டுவிட்டு வருகிறான் என்றால், உட்கார்ந்து யோசிக்காமல் ஆடுகிறான் என்று அர்த்தம், கோச்சை மாற்றும் யோசனையைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள்.